துணையை இழந்தவங்க மறுபடி ஒருத்தர நேசிக்கறத பத்தி மனசுல நிக்கற மாதிரி ஒரு நாவல் சொல்லுங்களேன்?

கென்ட் ஹாரிஃப் எழுதுன 'அவர் சோல்ஸ் அட் நைட்'. யார் கேட்டாலும் முதல்ல இததான் சொல்லுவேன். 200 பக்கம் கூட வராது, ஒரே நாள்ல முடிச்சிடலாம்.

அமெரிக்காவுல கொலராடோ பக்கம் ஹோல்ட்னு ஒரு சின்ன ஊர், அவரே கற்பனையா உண்டாக்குனது, அவரோட நாவல் எல்லாமே அங்கதான் நடக்கும். அங்க ஆடி மூர்னு எழுபது வயசு அம்மா, புருஷன் போய் ரொம்ப வருஷமாச்சு. ஒரு நாள் சாயங்காலம் அதே தெருவுல இருக்கற லூயிஸ் வாட்டர்ஸ் வீட்டுக்கு போறாங்க, அவரும் மனைவிய இழந்தவர்தான், ரிடையர்டு வாத்தியார், பெருசா பழக்கம்கூட கிடையாது, போய் நேராவே கேட்டுடறாங்க, ராத்திரியில என் வீட்டுக்கு வந்து என் பக்கத்துல படுத்துக்கறீங்களான்னு. செக்ஸுக்காக இல்ல, பேசிக்கிட்டே தூங்கறதுக்கு, ராத்திரிய மட்டும் தனியா ஓட்ட முடியலன்னு.

இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த நாவல் அவ்வளவு பிடிக்கும். எங்க அத்தை, மாமா போனதுக்கப்புறம் விடிய விடிய டிவிய ஓட விட்டுட்டுதான் படுப்பாங்க, ஏதோ ஒரு பேச்சுக்குரல் காதுல விழணும் அவ்வளவுதான், பகல்ல கோயில், பேரப்பிள்ளைங்க, அக்கம்பக்கம்னு எப்படியோ போயிடும், லைட்ட அணைச்சப்புறம் வர்ற நேரத்துக்கு யாரும் கூட வர முடியாதே.

லூயிஸ் சலூனுக்கு போய் முடி வெட்டிக்கிட்டு, பைஜாமாவையும் டூத் பிரஷ்ஷையும் ஒரு பேப்பர் பையில போட்டுக்கிட்டு, யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு பின்பக்க சந்து வழியா போவாரு. ஆடியம்மா சொல்லிடுவாங்க முன்வாசல் வழியாவே வாங்கன்னு, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பார்த்தே வாழ்க்கை பூரா போச்சு, இனிமே முடியாதுன்னு.

அப்புறம் ராத்திரி ராத்திரி பேச்சுதான். என்ன பேசறாங்கன்னா, போனவங்கள பத்திதான் பேசறாங்க! கார் அடிச்சு செத்துப் போன ஆடியோட மக கோனி, அதுக்கப்புறம் வீட்டுக்குள்ளயே அன்னியமாயிட்ட புருஷன் கார்ல். லூயிஸ் ஒரு காலத்துல மனைவிய விட்டுட்டு கூட வேலை பார்த்த டீச்சரோட போயிட்டு திரும்பி வந்தவரு, அதையும் மறைக்காம சொல்லுவாரு. இந்த மாதிரி கதைகள்ல சாதாரணமா புது ஆள் வந்ததும் பழைய ஆள் போட்டோவுக்குள்ள போயிடுவாங்க, இங்க அப்படி இல்ல, பழைய துக்கத்த கேட்டுக் கேட்டுத்தான் புது நேசமே வருது. எனக்கு இதுதான் நிஜம்னு தோணுது.

பிரச்சனை ஆடியோட மகன் ஜீன் ரூபத்துல வரும். லீவுக்கு பாட்டி வீட்டுக்கு வந்த பேரன் ஜேமி, லூயிஸ் தாத்தாவோடயும் போனின்னு ஒரு நாயோடயும் அப்படி ஒட்டிக்குவான், ஆனா ஜீனுக்கு அம்மா பண்றது அசிங்கமா தெரியும். படிக்கறப்ப அவன் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே! இருந்தாலும் அவனயும் வில்லனா விட்டுடல ஹாரிஃப், கோனி செத்தப்ப அவனும் சின்னப் பையன்தான், அந்த வீட்டோட சோகத்துலயே வளர்ந்தவன். பேரனா லூயிஸான்னு ஆடி நிக்கற இடத்த நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

நுரையீரல் நோயில நாள் எண்ணிக்கிட்டு இருந்தப்ப ஹாரிஃப் எழுதுனது இது. தானும் ஹாரிஃபும் ராத்திரி படுத்துக்கிட்டு மணிக்கணக்கா பேசறதுலேருந்துதான் இந்தக் கதை வந்துச்சுன்னு அவர் மனைவி கேத்தி பின்னாடி சொல்லியிருக்காங்க. 2014 நவம்பர்ல இறந்துட்டாரு, புக் 2015லதான் வந்துச்சு.

2017ல நெட்ஃபிளிக்ஸ்ல படமாவும் வந்துச்சு, ஜேன் ஃபோண்டா, ராபர்ட் ரெட்ஃபோர்ட் ரெண்டு பேரும் நல்லா பண்ணியிருப்பாங்க, ஆனா புக்க முதல்ல படிச்சிடுங்க. இங்கிலீஷ் ரொம்ப எளிமை, டிக்ஷனரி தேவைப்படாது. பேச்சுக்கு மேற்கோள் குறியே போட மாட்டாரு, அதனால ஆரம்பத்துல யார் பேசறாங்கன்னு லேசா குழம்பும், நாலஞ்சு பக்கத்துல பழகிடும்.