ஃபியட் மூக்கைத் தூக்கி நிற்கிறதா? ரம்பத்தை எடுக்காதீர்கள்

கேள்வி: அப்பா 1972-ல் எடுத்த ஃபியட் 1100 இன்னும் ஓடுகிறது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு அங்குலம் இறக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் போதும், அரை நாள் வேலை, எஃப்.சி.யையும் (தகுதிச் சான்று) தானே பார்த்துக்கொள்வதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் ஓர் அளவு நாடா எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது வருட வண்டியில் பெரும்பாலும் முன்பக்கம் உயர்ந்திருக்காது. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங்தான் அமுங்கியிருக்கும். அப்படியானால் பட்டைகளைக் கழற்றி வளைவு கொடுத்துப் போட்டாலே மூக்கு இறங்கிவிடும். எதையும் வெட்ட வேண்டாம்.

அதன் பிறகும் தாழ்த்தத்தான் வேண்டும் என்றால் ஒரு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். சாலை விதிமுறைப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. நம் தெருக்காரர்கள் ஒரு மூட்டை சிமென்ட் மிஞ்சினால் போடும் தடைக்கு எந்த விதியும் கிடையாது. சைலன்சர் குழாய்தான் முதலில் அடிபடும்.

இப்போது அந்த 'ஒரு சுற்று வெட்டு' சமாசாரம். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் அது ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 14 சதவீதம், கடினமாகிவிடும். ஷாக் அப்சார்பர் பழையதேதான். அதனால் வண்டி குதிக்கும். வெட்டிய முனை, ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நகரவும் செய்யும். கேஸ் வெல்டிங் சுடரில் காய்ச்சி அமுக்குகிறவர் இன்னும் மோசம். எஃகின் பதம் போய்விடும், எந்தப் பக்கம் எப்போது உட்காரும் என்று சொல்ல முடியாது. குட்டையான ஸ்பிரிங்கைச் செய்து வாங்குங்கள், ஜோடியாகத்தான் வாங்குங்கள். போட்டபின் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீல் அலைன்மென்ட் பாருங்கள். இல்லாவிட்டால் புது டயர் உள்பக்கமாகத் தேயும்.

'எஃப்.சி.யை நான் பார்த்துக்கறேன்' என்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரையும் அவரே பார்த்துக்கொள்வாரா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதுவும் உரிமையாளருக்கு, மெக்கானிக்குக்கு அல்ல. ஆர்.சி.யிலோ வண்டியின் தரை உயரம் எழுதியிருப்பதே இல்லை! ஆக ஒரு அங்குலம் குற்றமா இல்லையா என்பது அன்றைக்கு வண்டியைப் பார்க்கும் ஆய்வாளரின் மனநிலையைப் பொறுத்தது. இதைத்தான் சட்டம் என்கிறார்கள்.

உங்கள் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜாகப் பதியலாம். ஆனால் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி (அடிச்சட்டம்), பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. ஃபியட்டில் தனி சேஸியே கிடையாது, பாடியே சேஸி. அதனால் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் யாராவது வெல்டிங் வைத்தால் அந்த வாய்ப்பு போச்சு. போல்ட்டைக் கழற்றி மாற்றும் ஸ்பிரிங் என்றால் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டுக் காட்டலாம். விண்டேஜாகப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும். தினமும் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எப்படியானாலும் கழற்றிய அசல் ஸ்பிரிங்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். 'இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன் சார்' என்பார்கள். இடது, வலது என்று எழுதி, கிரீஸ் தடவி, பரணில் வையுங்கள்.