சுவிட்ச் லைட் எரியுது, டிஃப் லொக் விழுதில்லை: வயரிங்கில பிழையா, லொக்கரில பிழையா?

டிஃபை, அதாவது இஞ்சின்ர இழுவையை இரண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டியை, கழட்டக் குடுக்காதீங்க தம்பி. அதுதான் முதல் பதில்.

உங்கட கேள்விப்படி, பழைய ஹைலக்ஸ் டபுள் கெப்புக்குப் பின் டிஃபில காந்தச் சுருள் வகை எலக்ட்ரிக் லொக்கர் (இரண்டு சில்லையும் ஒண்டாகச் சுத்த வைக்கிற பூட்டு) பூட்டியிருக்கு. சுவிட்சைத் தட்டினால் சிவப்பு லைட் எரியுது. மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வயலுக்க இறங்கினால் ஒரு சில்லு மட்டும் சேத்தை வாரி அடிக்குது, மற்றது அசையுதில்லை. கராஜில "உள்ளுக்க பழுது, டிஃபை இறக்க வேணும்" எண்டு சொல்லியிருக்காங்க. இறக்கினால் ஒயில், கஸ்கட், கூலி எல்லாம் வேற. திரும்பப் பூட்டும்போது கிரவுண், பினியன் எண்ட இரண்டு பல்சில்லுக்கும் இடையில இடைவெளி பிழைச்சால் வண்டி ஊளையிடத் தொடங்கும். அதுக்கு முதல் ஒரு மல்ரிமீற்றரும் ஒரு ஹெட்லைட் பல்பும் எடுத்துக்கொண்டு கீழ படுங்க.

அந்தச் சிவப்பு லைட்டை நம்ப ஏலாது. வெளியில வாங்கிப் பூட்டுற கிட்டுகளில கூடுதலாக லைட் சுவிட்சுக்குள்ளயே இருக்கும். சுவிட்சுக்குக் கரண்ட் வந்தால் அது எரியும். டிஃபில வயர் அறுந்து தொங்கினாலும் எரியும். டொயோட்டா கொம்பனியே பூட்டி விட்ட லொக்கரில கதை வேற: அங்க டிஃபிலயே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு, உள்ளுக்க லொக்கைத் தள்ளுற ஃபோர்க் முழுசாக நகர்ந்தால்தான் டாஷ்போர்ட் லைட் நிண்டு எரியும். மினுங்கிக்கொண்டு இருந்தால் இன்னும் விழல்ல எண்டு அர்த்தம். அந்தப் பழக்கத்தில இருக்கிற ஆக்கள்தான் இந்த லைட்டைப் பார்த்து ஏமாறுறது.

வகை வித்தியாசத்தை முதல்ல மனசில வைங்க, இல்லாட்டி வயர் முழுக்கப் பிழைக்கும். டொயோட்டாவின்ர லொக்கர் மோட்டரால வேலை செய்யுது. இரண்டு வயரில பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தால் ஒரு பக்கம் லொக், மற்றப் பக்கம் விடுதலை. கரண்ட் போனாலும் நிண்ட இடத்திலயே நிக்கும். 4எல் (நாலு சில்லும் இழுக்கிற மெதுவான கியர்) போட்டு, மணிக்கு 8 கிலோமீற்றருக்குக் கீழ இருந்தால்தான் அதின்ர கொம்பியூட்டர் லொக்கை விழுத்தும். உங்கட சுருள் வகை அப்படியில்லை. கரண்ட் இருக்கும் வரைக்கும்தான் லொக். கரண்ட் குறைஞ்சால் காந்தம் வலுவில்லாமல் போகும், லொக் விழாது, இல்லாட்டி விழுந்து விழுந்து கழரும். அதனால உங்களுக்கு இருக்கிற கேள்வி ஒண்டுதான்: சுருளுக்குப் போக வேண்டிய கரண்ட் முழுசாகப் போகுதா?

இனி மீற்றர் வேலை. பின்னால டிஃபிலயிருந்து வாற கனெக்டரைக் கழட்டுங்க. முதல்ல மீற்றரின்ர இரண்டு முனையையும் ஒண்டோடொண்டு முட்டவைச்சு என்ன காட்டுது எண்டு பாருங்க. 0.3 ஓம்ஸ் எண்டால் அதைப் பிறகு கழிக்க வேணும். இப்ப டிஃப் பக்கத்து இரண்டு பின்னிலயும் வைச்சு அளவுங்க. லொக்கரோட வந்த தாளில எத்தனை அம்பியர் இழுக்கும் எண்டு போட்டிருக்கும். 12ஐ அதால பிரிங்க. 4 அம்பியர் எண்டால் 3 ஓம்ஸ் அளவில வர வேணும். மீற்றர் ஒண்டும் காட்டாமல் திறந்த சுற்று எண்டு நிண்டால் உள்ளுக்க வயர் அறுந்திருக்கு, அப்ப கராஜ்காரர் சொன்னது சரி. சைபருக்குக் கிட்ட வந்தால் சுருள் ஷோர்ட். அடுத்து, ஒரு முனையை டிஃபின்ர வெறும் இரும்பில வைச்சு, மற்றதை ஒவ்வொரு பின்னிலயும் வைச்சுப் பாருங்க. ஒண்டும் காட்டக் கூடாது. காட்டினால் வயர் வெளியில வாற துளையில உரசித் தோல் போயிருக்கு. பிளஸ் வயர் உரசினால் பியூஸ் எரிஞ்சு உடன தெரிஞ்சுபோகும். மைனஸ் வயர் உரசினால் ஒண்டும் தெரியாது, லொக்கரும் வேலை செய்யும், வயர் முழுசா அறும் வரைக்கும்.

சுருள் சரியெண்டால் வண்டிப் பக்கத்துக்கு வாங்க. இங்கதான் கூடுதலான ஆக்கள் தடுமாறுறது. கழட்டின கனெக்டரில மீற்றரை வைச்சால் 12.6 வோல்ட் காட்டும், "கரண்ட் நல்லா வருது" எண்டு விட்டுடுவாங்க. மீற்றர் இழுக்கிற கரண்ட் இல்லையெண்டே சொல்லலாம், அதனால பச்சை பிடிச்சு ஒரே ஒரு இழையில தொங்கிற வயரும் அதுக்கு 12.6 காட்டும். பாரம் வைச்சுத்தான் பார்க்க வேணும். பழைய எச்4 ஹெட்லைட் பல்ப் ஒண்டை எடுத்து, 55 வாட் இழையை அந்தக் கனெக்டரில பிடிங்க. அது 4.6 அம்பியர் அளவில இழுக்கும், உங்கட சுருளுக்குக் கிட்ட. பல்ப் மங்கலாக எரிஞ்சால், அல்லது மீற்றர் 12.6இலயிருந்து 9, 10க்கு விழுந்தால், பிழை வயரில. லொக்கரில கைவைக்கத் தேவையில்லை.

எந்த இடத்தில எண்டு பிடிக்கிறதும் லேசு. பல்ப் எரிஞ்சுகொண்டு இருக்கையில மீற்றரின்ர ஒரு முனை பற்றரி பிளஸில, மற்றது கனெக்டரின்ர பிளஸ் பின்னில. அங்க வாற எண் அந்தப் பாதையில நீங்க இழந்த வோல்ட். 0.3க்குள்ள இருந்தால் நல்லம். அதே மாதிரி கனெக்டர் மைனஸுக்கும் பற்றரி மைனஸுக்கும் பாருங்க. எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் பியூஸ், ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்), மூட்டு எண்டு ஒவ்வொண்டாக முனையை நகர்த்திக்கொண்டு வந்தால் எண் சடாரெண்டு விழுற இடத்தில பிழை இருக்கு. வயரின்ர தோலைக் குத்திப் பார்க்க வேண்டாம். எங்கட கரையில உப்புக்காத்து அந்த ஊசித் துளையாலயே உள்ளுக்க போய் ஒரு மாரிக்குள்ள செம்பைத் தின்னும். கனெக்டரின்ர பின்பக்கத்தால மெல்லிய ஊசியை நுழைச்சு அளவுங்க.

நான் பந்தயம் பிடிக்கிறதெண்டால் ஏர்த்தில, அதாவது மைனஸ் பக்கத்து இணைப்பில, பிடிப்பேன். ஏர்த் வயரைக் கொண்டுபோய் அக்சில் கூட்டிலயே ஒரு போல்டில முறுக்கி விடுறது இங்க வழக்கம். அக்சில் வில்லுத் தகட்டில இறப்பர் புஷ்ஷுக்கு மேல இருக்கு. அங்கயிருந்து செசிக்குக் கரண்ட் ஒழுங்காகத் திரும்பப் பாதை இல்லை, ஹேண்ட் பிரேக் கேபிள், பெயாரிங் எண்டு கிடைச்ச வழியால போகும். ஏர்த் வயரைச் செசிக்கு, முடிஞ்சால் பற்றரி மைனஸ் வரைக்கும் தனியாக இழுங்க. செசியில பூட்டினால் பெயின்றைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வேணும், பூட்டின பிறகு மேல கிறீஸ் பூச வேணும்.

வயரிங்கை முதல்லயிருந்து இழுக்கிறதெண்டால் இப்படி. பற்றரி பிளஸுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள 10 அம்பியர் பியூஸ். அங்கயிருந்து ரிலேயின்ர 30ஆம் காலுக்கு. 87இலயிருந்து பின்னுக்கு லொக்கர். 86க்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வாற வயரைச் சுவிட்ச் வழியாகக் கொண்டு வாங்க. 85 ஏர்த். ஐந்து கால் ரிலேயில நடுவில இருக்கிற 87ஏயை ஒண்டும் செய்யாமல் ரேப் சுத்தி விடுங்க. மாறி அதில வயரைக் குத்தினால் சுவிட்ச் நிப்பாட்டியிருக்கும்போது லொக் விழும், தார் வீதியில வளைவில அக்சில் ஷாஃப்ட் முறுகும். 4எல் போட்டால் மட்டும் லொக் வேலை செய்ய வேணுமெண்டால், 85ஐ நேராக ஏர்த்துக்குக் குடுக்காமல், 4எல் 4எச் மாத்திற ட்ரான்ஸ்ஃபர் பெட்டியில இருக்கிற லைட் சுவிட்சின்ர வயருக்குக் குடுக்கலாம். ஆனா அந்தச் சுவிட்ச் ஏர்த்தை இணைக்கிற வகைதானா, 4எல்லில மட்டுமா 4எச்சிலயுமா (நாலு சில்லும் இழுக்கிற வேகமான கியர்) எண்டு மீற்றரால பார்த்த பிறகு. இடையில ஒரு 1என்4007 டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற சின்னப் பாகம்), வெள்ளைக் கோடு ட்ரான்ஸ்ஃபர் பெட்டிப் பக்கம். அது இல்லாட்டி லைட்டுகள் ஒண்டுக்கொண்டு கரண்ட் குடுத்து அரைகுறையாக எரியும். கொம்பியூட்டர் வைச்ச புது வண்டிகளில இந்த வயரைத் தொட வேண்டாம்.

சுருளை நிப்பாட்டுற நேரம் திருப்பி ஒரு அடி அடிக்கும், ரிலேயின்ர முனை கருகிறது அதாலதான். 87இல வாற வயருக்கும் ஏர்த்துக்கும் குறுக்க ஒரு 1என்5408 டயோட், கோடு பிளஸ் பக்கம். திருப்பிப் பூட்டினால் பியூஸ் உடன போகும், பயப்பட ஒண்டுமில்லை.

வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், பல இழை உள்ள வாகன வயர். முன்னாலயிருந்து பின்னுக்கு 5 மீற்றர் எண்டு வைச்சால் 4 அம்பியருக்கு 0.15 வோல்ட் அளவிலதான் போகும். 0.75 வயரில அதே தூரம் அரை வோல்ட் தின்னும், ஏர்த்தும் அதே வயரெண்டால் ஒரு வோல்ட். வீட்டு வயரிங்கில மிஞ்சின 7/0.67ஐ இழுக்கிற ஆக்களும் இருக்காங்க. தடிப்புக் காணும், ஆனா ஏழே இழை. அக்சில் மேலயும் கீழயும் ஆடுற இடத்தில மடிஞ்சு மடிஞ்சு தோலுக்குள்ளயே முறியும், வெளியில பார்க்க நல்ல வயர் மாதிரிக் கிடக்கும். அக்சிலுக்கு இறங்கிற வயரைப் பின் பிரேக் ஹோஸ் போற வழியால, அதே அளவு தளர்வு விட்டுக் கட்டுங்க. சைலன்சர் பக்கம் போக வேண்டாம்.

"நாலு அம்பியருக்கு ரிலே எதுக்கு, சுவிட்சே தாங்கும்" எண்டு கீழ எழுத வாறவங்களுக்கு: தாங்கும், ஓம். நல்ல சுவிட்ச் தாங்கும். ஆனா கடையில கிடைக்கிற சுவிட்சில எழுதியிருக்கிற அம்பியரை நான் நம்பமாட்டன், கரண்டைக் கெபினுக்குள்ளால சுத்திக் கொண்டுபோறதிலயும் விருப்பமில்லை. "ஈயம் ஒட்டினால்தான் உறுதி" எண்டு வாறவங்களுக்கு: ஆடுற இடத்தில ஈயம் முடியிற விளிம்பிலதான் வயர் முறியும். நல்ல கிரிம்ப் (முனையை நசுக்கிப் பிடிக்கிறது), மேல பசை உள்ள ஸ்லீவ் போட்டு சூடாக்கிச் சுருக்கிறது, அது காணும்.

வயர் சரியெண்டால் லொக் விழுதா எண்டு சில்லால பார்க்க வேணும். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. பின் அக்சிலை இரண்டு ஸ்டாண்டில ஏத்துங்க, ஜக்கில விட்டுட்டுக் கீழ போக வேண்டாம். 4எல், முதலாம் கியர், இஞ்சின் நிப்பாட்டி, சாவி மட்டும் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்க. சுவிட்ச் போடாமல் இடது சில்லைக் கையால சுத்தினால் வலது எதிர்ப் பக்கம் சுத்தும். இப்ப சுவிட்சைப் போட்டு மெதுவாகச் சுத்துங்க. கொஞ்சம் போய் "டக்" எண்டு கட்டி நிக்க வேணும், பிறகு ஆள் தொங்கினாலும் நகரக் கூடாது. திருப்பிச் சுத்தினால் கொஞ்சம் இளகித் திரும்பக் கட்டும். குண்டும் சரிவும் வைச்ச வகையில அது வழமை, பழுதில்லை. சுவிட்சை நிப்பாட்டினதும் விடாமல் இறுகி நிண்டால் சில்லை முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டுங்க, விடும். இஞ்சினை ஓட விட்டு, ஒரு சில்லை மட்டும் உயர்த்தி, லொக்கைப் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். நிலத்தில நிக்கிற சில்லு வண்டியை ஜக்கிலயிருந்து தள்ளிக்கொண்டு போகும்.

ஓடிப் பார்க்கிறதெண்டால் கிரவல் வீதியோ மணலோ, தார் இல்லை. நடை வேகத்தில லொக்கைப் போட்டு வட்டமடிச்சால் உள்பக்கத்துச் சில்லு இழுபட்ட தடம் மண்ணில தெரியும்.

கேட்ட விஷயத்தோட சம்பந்தமில்லை, ஆனா சொல்லாமல் விட ஏலாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இந்த லொக்கருக்கு இவ்வளவு தேவை ஏன் வந்தது? கிரவல் கொட்டி ஒரு மாரி போகமுதல் இரும்புச் சில்லோட ட்ராக்டரை வீதியால ஓட்டி இரண்டு வாய்க்கால் வெட்டி விடுறாங்க. சில்லை மாத்திக்கொண்டு போக ஒருத்தருக்கும் நேரமில்லை. நாம லட்சக்கணக்கில செலவழிச்சு லொக்கரைப் பூட்டுறம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 பெப்ரவரியிலதான் சொந்தப் பாவனை வாகனங்களுக்குத் திறந்தாங்க. இப்பவும் வரியோட பார்த்தால் விலை கேட்கவே பயம். அப்ப இந்தப் பழைய கெப்புகள்தான் கதி, முப்பது வருஷ வயரோட.

கடைசியாக, ஒயில். ஓடிச் சூடான டிஃப் தண்ணிக்க இறங்கினால் உள்ளுக்க காத்துச் சுருங்கி, பிரீதர் (டிஃபின்ர மூச்சுத் துளை) வழியாகத் தண்ணியை உறிஞ்சும். பிரீதரில ஒரு ஹோஸ் பூட்டி டெயில் லைட் உயரத்துக்கு ஏத்திக் கட்டுங்க. போன மாரிக்கு அப்படிக் கட்டாமல் தண்ணிக்க இறங்கியிருந்தால் லெவல் போல்டைக் கழட்டி விரலால தொட்டுப் பாருங்க. பால் தேத்தண்ணி நிறத்தில வந்தால் ஒயிலை மாத்தி, சுருள் பின்னுக்கும் டிஃப் இரும்புக்கும் இடையில திரும்ப ஒருக்கா அளவுங்க.

சுருளின்ர ஓம்ஸ், பல்ப் எரியேக்க கனெக்டரில வோல்ட், ஏர்த் பக்கம் இழந்த வோல்ட். இந்த மூன்றையும் கீழ எழுதுங்க, அதுக்குப் பிறகு டிஃபை இறக்கிறதைப் பற்றிக் கதைப்பம்.