ஆம்புலன்ஸ் பணிக்குப் படிக்கிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

அம்பு பேக்கை (மூச்சு நின்றவருக்கு மாஸ்க் வழியே காற்று செலுத்தக் கையால் அழுத்தும் பை) அழுத்தினால் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சு எழுவதில்லை. வேகமாக அழுத்தினால், ‘காற்று வயிற்றுக்குப் போகிறது’ என்கிறார் ஆசிரியர். எங்கே தவறுகிறது? – மாணவி, பாகூர்

பெரும்பாலும் பேக்கில் தவறு இருக்காது. நோயாளியின் தலை இருக்கும் நிலையையும் மாஸ்க்கைப் பிடிக்கும் உங்கள் இடது கையையும் முதலில் கவனியுங்கள்.

மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அதனால் தலையைச் சாய்த்து, தாடையை மேலே தூக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கடியில் ஒரு போர்வையை மடித்து வைத்துப் பாருங்கள். காதுத் துளையும் கழுத்துக் குழியும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் காற்று எளிதாக இறங்கும். விபத்தில் கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் தலையைச் சாய்க்கக் கூடாது. தாடையின் இரு கோணங்களிலும் விரல் கொடுத்து முன்னோக்கித் தள்ளுங்கள்.

அடுத்தது பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் மேல் இருக்க வேண்டும். அவை எலும்பை விட்டு இறங்கிக் கீழே உள்ள சதையை அமுக்கினால், நாக்கை நீங்களே மேலே தள்ளி வழியை அடைக்கிறீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் அநேகமாக எல்லோரும் மாஸ்க்கை முகத்தின் மேல் அமுக்குவார்கள். முகத்தைத்தான் மாஸ்க்குக்குள் தூக்க வேண்டும். ஆள் இருந்தால் ஒருவர் இரு கைகளாலும் மாஸ்க்கைப் பிடிக்கட்டும், மற்றவர் பேக்கை அழுத்தட்டும். ஒற்றை ஆளாகச் செய்வதை விட இது எப்போதுமே மேல். வயதானவரின் பல்செட் ஆடாமல் பொருந்தியிருந்தால் கழற்ற வேண்டாம். கழற்றினால் கன்னம் குழிந்து, ஓரத்தில் காற்று கசியும்.

அப்புறம் அளவு. பெரியவர்களுக்கான பேக் சுமார் ஒன்றரை லிட்டர் கொள்ளும். ஒரு மூச்சுக்கு 500 முதல் 600 மில்லி போதும். ஒரு கையால், நெஞ்சு எழத் தொடங்குவது தெரியும் வரை, ஒரு வினாடி நேரம் எடுத்து அழுத்துங்கள். பல்ஸ் இருந்து மூச்சு மட்டும் இல்லையென்றால் 6 வினாடிக்கு ஒரு முறை. பதற்றத்தில் இது 2 வினாடிக்கு ஒன்றாகிவிடும். அப்போது அழுத்தம் கூடி உணவுக்குழாய் திறக்கும், வயிறு உப்பும், வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். ஆகவே வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்யுங்கள், வாந்தியை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஷிஃப்ட் தொடங்கும்போதே பேக்கைச் சோதித்துவிட வேண்டும். மாஸ்க்கைக் கழற்றி, காற்று வெளியேறும் வாயை உள்ளங்கையால் அடைத்து அழுத்துங்கள். பேக் அமுங்கினால் வால்வு கசிகிறது என்று அர்த்தம்.

சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி) கொடுக்கும்போது விலா எலும்பு முறிந்தால் நிறுத்த வேண்டுமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

வேண்டாம். கை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுங்கள். 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும். களைத்துப்போனவரின் அழுத்தத்தில் ஆழம் குறைவது அவருக்கே தெரியாது.

கடலில் மூழ்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கிறார்களே, சரியா? – மாணவர், தேவனாம்பட்டினம்

தவறு. அமுக்கினால் வருவது வயிற்றில் இருக்கும் தண்ணீர். அது தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போகும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் அப்படித்தான், நேரம்தான் வீண். மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாமல். எனவே மூச்சு இல்லையென்றால் முதலில் இரண்டு மூச்சு கொடுத்துவிட்டு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று போக வேண்டும். கைகளால் அழுத்துவது மட்டும் இங்கே போதாது. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் மூச்சைக் கொடுங்கள். வாந்தி வந்தால் உடனே ஒருக்களித்துத் திருப்பிச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பட்டைகளை நெஞ்சில் ஒட்டுவதற்கு முன் ஈரத்தையும் மணலையும் நன்றாகத் துடைக்க வேண்டும். கரையில் எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம்.

பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் 60 பாரில் நிற்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை தாங்குமா? – பயிற்சி மாணவர், கடலூர் முதுநகர்

பி டைப் சிலிண்டரின் உள்ளளவு சுமார் 10 லிட்டர். எனவே முள் காட்டும் எண்ணை 10-ஆல் பெருக்கினால், உள்ளே எத்தனை லிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசி 15-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். 60-ல் 15 போக 45, அதாவது 450 லிட்டர். ரிசர்வாயர் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் அரை மணி நேரம்தான் வரும். மூக்குக் குழாயில் 4 லிட்டர் என்றால் 110 நிமிடம் தாண்டும்.

ஜிப்மர் கோரிமேட்டில், புதுச்சேரி ஊருக்கு வடக்கே இருக்கிறது. இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களை மாலை நெரிசலில் தாண்ட வேண்டும். ஆகவே அரை மணி நேர ஆக்சிஜனை நம்பி வண்டியை எடுக்காதீர்கள், முழு சிலிண்டரை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ரெகுலேட்டரைப் பொருத்துமுன் வால்வை ஒரு கணம் திறந்து தூசியை வெளியேற்றுங்கள், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கையாலோ, சானிடைசர் காயாத கையாலோ வால்வைத் தொடவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் அது தீப்பிடிக்கும்.

முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தவருக்குக் காலில் இறுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். நாம் அறுத்துவிடலாமா? – வாசகர், பண்ருட்டி

சட்டென்று அறுக்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே வீச்சில் பரவி பிபி இறங்கலாம், மூச்சும் நிற்கலாம். கட்டுக்குக் கீழே பல்ஸ் இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, 108 கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் சொல்லி, அவர் சொன்னபடி செய்யுங்கள். அதற்குள் மெட்டி, கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. காலை அட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றுங்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் கூடாது. கடித்த பாம்பைத் தேடிப்போக வேண்டாம்.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்குமாகச் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதனால் பாம்பு கையில் இல்லை என்று சிகிச்சை நிற்காது. கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. ராத்திரி தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் அதைச் சந்தேகியுங்கள். வழியில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை மேலே பார்க்கச் சொல்லுங்கள், கழுத்தைத் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று முதல் எண்ணச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் எண்ணுவது குறைந்துகொண்டே வந்தால் அம்பு பேக்கை எடுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். கடித்த நேரம், கட்டுப்போட்ட நேரம், இமை சரிந்த நேரம் மூன்றையும் தாளில் எழுதி, வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனையில் மருத்துவர் கையில் கொடுங்கள்.