ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரு பறை வகுப்பு

கேள்வி: எங்கள் கிராமத்துப் படிப்பகத்துக்கு ஊர்த்தெரு, காலனி இரண்டிலிருந்தும் 20 பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பறை வகுப்பு தொடங்க நினைக்கிறோம். எத்தனை பறை வாங்கலாம்? எங்கே நடத்துவது?

பதில்: 20 பேருக்கு 7 பறை போதும். ஒரு குழு அடிக்கும்போது மற்றவர்கள் காலடியும் கைத்தாளமும் பழகட்டும். முதல் 2 வாரம் பறையே வேண்டாம். பலகையில் குச்சியால் தட்டினால் போதும். வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. பூவரசங்கட்டை நன்றாக இருக்கும். இடது கையில் மெல்லிய, நீளமான மூங்கில் சிம்புக்குச்சி. புதிதாகப் பழகுபவர்களுக்குச் சிம்புதான் தகராறு செய்யும். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் ஓசை தடித்துப்போகும்.

இடத்தை முடிவு செய்யும்போது தீயை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும்; வைக்கோலோ காய்ந்த ஓலையோ கொளுத்தி, தோல் பக்கத்தை அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டினால்தான் விறைக்கும். விரலால் சுண்டிப் பாருங்கள், 'டண்' என்று கேட்டால் போதும். அதற்கு மேல் காய்ச்சினால், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டியிருக்கும் ஓரம் மரச்சட்டத்தை விட்டுப் பிரியும், தோலும் கிழியலாம். ஆகவே படிப்பகத் திண்ணை சரிப்படாது. பள்ளி மைதானம் போன்ற பொது வெட்டவெளியாகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். கோயில் வாசலும் வேண்டாம், ஒரு தெருவுக்குள்ளும் வேண்டாம். இந்த இரண்டில் எங்கே வைத்தாலும் மறுபக்கத்துப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் நின்றுவிடுவார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் 2 ஃபைபர் பறை வைத்துக்கொள்ளலாம். நாதம் மட்டம்தான், ஆனால் காய்ச்ச வேண்டியதில்லை.

கற்றுத்தர வெளியூர் ஆளைத் தேடாதீர்கள். காலனியில் பறையடிக்கும் பெரியவர் இருந்தால் அவரே ஆசான். சம்பளத்தை முதலிலேயே பேசி, வகுப்பு முடிந்ததும் கையில் கொடுங்கள். 'ஊருக்காகச் செய்யுங்கள் ஐயா' என்று கேட்பது பழைய ஊழியத்துக்குப் புதுப்பெயர். ஊர்த்தெருப் பிள்ளைகளும் அவரை ஆசான் என்றே கூப்பிட வேண்டும். பெயர் சொல்லியோ 'வாப்பா' என்றோ ஒருவர் கூப்பிட்டாலும் அங்கேயே திருத்துங்கள். தண்ணீருக்கு ஒரே குடம், ஒரே டம்ளர்கள். 'சாவு மேளம்' என்று முனகும் பெற்றோரிடம், மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் இறங்கி வருவார்கள். ஆசான் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியவில்லை என்றால் அந்த வேலையையும் நீங்களே எடுத்துச் செய்யுங்கள்.

வாரம் 3 நாள், ஒன்றரை மணி நேரம் போதும். ஒத்தையடி என்ற தாள அடியில் தொடங்கி, கால் தப்பாமல் வந்த பிறகு சப்பரத்தடி என்ற அடிக்குப் போகலாம். அடவு, அதாவது ஆட்டத்தின் காலசைவு, பழகாமல் வேகம் கூட்டினால் வரிசை கலைந்துவிடும். முதல் அரங்கேற்றத்தைத் திருவிழாவில் வைக்காதீர்கள். யாருக்கு முதல் மரியாதை என்ற சண்டையில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். பள்ளி ஆண்டு விழா பாதுகாப்பு. குழுவை எந்த வீட்டுச் சாவுக்கும் அனுப்புவதில்லை என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆசான் தன் தொழிலாகப் போவது அவர் விருப்பம்.

தொடக்கத்தில் பறையைப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம்; சில வீடுகளில் வாசலோடு நிறுத்திவிடுவார்கள், பிள்ளை கூனிப்போகும். சில மாதம் போனதும் ஊர்த்தெருப் பிள்ளையே 'நான் கொண்டுபோகட்டுமா?' என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். பரணில் போட்டால் எலி கடிக்கும், ஆணியில் மாட்டச் சொல்லுங்கள்.