கடலோர மணல் சரிவில் நிலைக்கும் செடிகள் எவை?

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப்பக்கம், வீட்டுக்குப் பின்னால் மணல் மேடு. மழைக்கு மணல் சரிகிறது, கடற்காற்றில் செடிகள் கருகுகின்றன, ஆண்டுதோறும் நடாமல் நிலைத்து நிற்க எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மணலைப் பிடித்து நிறுத்துங்கள்; பூச்செடி பிறகு. கடலைப் பார்த்த பக்கத்துக்கு அடப்பங்கொடியை மிஞ்சியது எதுவும் இல்லை. ஒரு கொடியைத் தூக்கிப் பாருங்கள்: மணலில் படிந்த கணுக்களில் வேர் இறங்கியிருக்கும். கணுக்கள் உள்ள துண்டுகளை வெட்டிப் பாதி புதைத்தாலே போதும். ஊதா நிறப் பூவும் கொள்ளை அழகு. ராவணன் மீசைப் புல்லும் மணலை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் நுனி ஊசியாகக் குத்தும், குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் வேண்டாம்.

வீட்டை ஒட்டிய சரிவில் வெட்டிவேர். மேலிருந்து கீழாக நடாதீர்கள், தண்ணீர் அந்த வழியே மண்ணை அறுத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே, ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக நெருக்கி வரிசை பிடியுங்கள். வேர் செங்குத்தாக 2 மீட்டருக்கு மேல் இறங்கும்.

வரிசைகளுக்கு நடுவே நித்தியகல்யாணி. வறட்சி தாங்கும், ஆடும் வாய் வைக்காது. உச்சியில் காற்றுத் தடுப்பாகப் பூவரசு, புன்னை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் நடுங்கள். சித்திரையில் நட்டால் குடம் குடமாக ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் தென்னை மட்டையால் மூடாக்குப் போடுங்கள்.