கிரவுன் ஈதர் ப்ராஜெக்ட் எடுத்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் உங்கள் மகள் சோடியம் மின்முனைக்கான (கரைசலில் சோடியம் எவ்வளவு என்று மின்னழுத்தத்தை வைத்து அளக்கும் கருவி) கிரவுன் ஈதரை (உலோக அயனியைக் குழிக்குள் பிடிக்கும் வளைய மூலக்கூறு) ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறார். இதை வைத்து என்ன வேலைக்குப் போக முடியும் என்று கேட்கிறீர்கள். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. ஆனால் கரிமத் தொகுப்பு (கார்பன் சேர்மங்களை உருவாக்குவது), சவ்வு (மின்முனையில் பொருத்தும் மெல்லிய படலம்) தயாரிப்பு, மின்வேதியியல் அளவீடு ஆகிய மூன்றும் இந்த ஒரே ப்ராஜெக்டில் கைவரும். சேர்மத்தைச் செய்து என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைச் சரிபார்க்கும் சோதனை) எடுத்ததோடு நிறுத்திவிட்டால் பாதிப் பலன் போய்விடும். மின்முனை வரை போயே ஆக வேண்டும்.

முதலில் அடிப்படை. கிரவுன் ஈதர்களைப் பற்றி சார்லஸ் பெடர்சன் 1967-ல் வெளியிட்டார். 1987-ல் நோபல் பரிசு பெற்றார். சோடியம் அயனியின் விட்டம் சுமார் 2.04 ஆங்ஸ்ட்ராம். 15-கிரவுன்-5 வளையத்தின் (15 அணுக்கள், அவற்றில் 5 ஆக்சிஜன்) குழி 1.7 முதல் 2.2 வரை. அளவு பொருந்துகிறது, எனவே அதையே போடலாம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். சோடியம் மின்முனை பொட்டாசியத்தைப் பிடிக்கக் கூடாது. பொட்டாசியம் பெரியது, குழிக்குள் இறங்காது. ஆனால் மேலும் கீழுமாக இரண்டு 15-கிரவுன்-5 வளையங்கள் அதைக் கவ்விக்கொள்ளும். இரண்டு பென்சோ-15-கிரவுன்-5 வளையங்களை இணைத்த சேர்மம் பொட்டாசியம் மின்முனைக்குத்தான் பயன்படுகிறது!

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னும் சிறிய 12-கிரவுன்-4 வளையங்கள் இரண்டை ஒரே மூலக்கூறில் இணைத்து, சோடியத்தையே நடுவில் கவ்வ வைப்பது. மற்றது, 16-கிரவுன்-5 வளையத்தின் ஓரத்தில் டெக்கலின் போன்ற பருத்த தொகுதிகளைச் சுவராக நிறுத்தி, இரண்டாவது வளையம் நெருங்காமல் தடுப்பது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு 1996-ல் இந்த இரண்டாவது வழியில் பொட்டாசியத்தைவிட சோடியத்தைச் சுமார் 1000 மடங்கு தேர்ந்தெடுக்கும் சேர்மத்தைக் காட்டியது. வைவாவில் இதை உங்கள் மகள் படம் வரைந்து விளக்கினால் போதும், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

தொகுப்பில் நேரம் விழுங்குவது வளையத்தை மூடும் படி. வளையத்தின் இரு துண்டுகளான டையாலையும் டைடோசிலேட்டையும் சோடியம் ஹைட்ரைடு முன்னிலையில் சேர்க்கும்போது அவசரப்பட்டு ஊற்றினால் வளையத்துக்குப் பதில் நீண்ட சங்கிலிகளே கிடைக்கும். நீர்த்த கரைசலில், சொட்டுச் சொட்டாக, பல மணி நேரம் விட வேண்டும். கரைப்பானில் ஈரம் இருந்தால் ஹைட்ரைடு வீணாகும், ஹைட்ரஜன் வெளிவந்து தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. நான்கு மாத ப்ராஜெக்டில் இந்தப் படி மட்டுமே இரண்டு மாதத்தைத் தின்றுவிடும்.

அதனால் என் யோசனை: சொந்தச் சேர்மத்துக்காகக் காத்திராமல், கடையில் கிடைக்கும் இரட்டை 12-கிரவுன்-4 அயனோஃபோரை (அயனியைப் பிடிக்கும் சேர்மம்) வைத்து முதல் மாதமே ஒரு சவ்வு செய்துவிடட்டும். அயனோஃபோர் 2 மி.கி., பொட்டாசியம் டெட்ராகிஸ்(4-குளோரோபீனைல்)போரேட் 0.5 மி.கி., பி.வி.சி. 66 மி.கி., நைட்ரோபீனைல் ஆக்டைல் ஈதர் 132 மி.கி. எல்லாவற்றையும் 2 மி.லி. டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, தட்டையான கண்ணாடி மேல் வைத்த வளையத்தில் ஊற்றி, மூடிவைத்து ஒரு நாள் மெதுவாக உலரவிட வேண்டும். வேகமாக உலர்ந்தால் குமிழி விழும். போரேட் உப்பு மோல் கணக்கில் அயனோஃபோரைத் தாண்டவே கூடாது. தாண்டினால் தேர்வுத்திறன் போய், எந்த அயனிக்கும் வளைந்துகொடுக்கும் சவ்வாகிவிடும். வெட்டிய வட்டை மின்முனைக் குழாயில் பொருத்தி, உள்ளே 0.01 மோலார் சோடியம் குளோரைடு நிரப்பி, அதே கரைசலில் ஓர் இரவு ஊறவைக்கட்டும். 25 டிகிரியில் சோடியம் செறிவு பத்து மடங்கு மாறினால் 59 மில்லிவோல்ட் என்பது இலட்சியச் சரிவு. 55-க்கு மேல் வந்தால் நல்ல தொடக்கம். நீர்த்த கரைசல்களுக்கு பிளாஸ்டிக் பீக்கர்தான். சாதாரணக் கண்ணாடியிலிருந்து சோடியம் கசிந்து அளவைக் கெடுக்கும்.

எவ்வளவு தேர்வுத்திறன் வேண்டும் என்பதையும் அவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இரத்தச் சீரத்தில் சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5, இரண்டும் லிட்டருக்கு மில்லிமோல். பிழை 1 சதவீதத்துக்குள் இருக்க, தேர்வுக் குணகம் (சோடியத்தோடு ஒப்பிட்டால் பொட்டாசியத்துக்கு மின்முனை எவ்வளவு பங்கு அசைகிறது என்பது) 0.27-க்குக் கீழே இருந்தாலே போதும். செல்லுக்குள் நிலைமை தலைகீழ்: சோடியம் சுமார் 10, பொட்டாசியம் சுமார் 140. அங்கே 0.0007 வேண்டும். ஒரே சேர்மம் ஓர் இடத்தில் தாராளம், இன்னோர் இடத்தில் போதாது.

வேலைக்கு வருவோம். உடனே சம்பாதிக்க வேண்டுமென்றால், தொகுப்பு அனுபவம் ஹைதராபாத், பெங்களூரு, சென்னை மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளுக்குப் பொருந்தும். மின்முனை அனுபவம் எலக்ட்ரோலைட் அனலைசர் (இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் போன்றவற்றை அளக்கும் கருவி) செய்யும், பராமரிக்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஆராய்ச்சி என்றால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற வேண்டும், உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தத் துறைக்கு நம் ஊரிலேயே உள்ள நல்ல இடம். நெட் தேர்வை இறுதியாண்டிலேயே எழுதிப் பார்க்கட்டும். கேட் தேர்வையும் கூடவே எழுதலாம்.

இந்த வாரமே வழிகாட்டிப் பேராசிரியரிடம் மகள் மூன்று விஷயம் கேட்டு வரட்டும்: அயனோஃபோர் வாங்க நிதி இருக்கிறதா, வெளிக்குழாயில் லித்தியம் அசிடேட் நிரப்பும் இரட்டைச் சந்தி ஒப்பீட்டு மின்முனை (அளவீட்டில் ஒப்பிட உதவும் நிலையான மின்முனை) கிடைக்குமா, ஆய்வகத்தின் மீட்டர் 0.1 மில்லிவோல்ட் வரை நிலையாகப் படிக்குமா? சோடியம் செறிவில் 1 சதவீத மாற்றம் வெறும் 0.26 மில்லிவோல்ட்தான். மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அளவீட்டை மட்டும் வேறு கல்லூரியில் செய்ய இப்போதே அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள்.