வகுப்பில் 30 பேர், போனில் 12 பேர்: யாரைப் பார்த்துப் பாடம் எடுப்பது?

கேள்வி: கலைக் கல்லூரியில் முதுகலை வகுப்பு எடுக்கிறேன். எதிரே 30 பேர். மழையில் பஸ் வராதவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் என 12 பேர் கூகுள் மீட்டில் சேருகிறார்கள். போர்டு பக்கம் போனால் 'சார், கேக்கல' என்கிறார்கள், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர்கள் தூங்கி வழிகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– உதவிப் பேராசிரியர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் சத்தத்தைச் சரி செய்யுங்கள், படம் அப்புறம். முகம் மங்கலாகத் தெரிந்தால்கூடப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் பத்தாவது நிமிடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். மைக்கிலிருந்து நீங்கள் இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனால் உங்கள் குரல் 6 டெசிபெல் குறையும், ஆனால் மேலே சுற்றுகிற ஃபேனின் சத்தம் அப்படியேதான் இருக்கும், அதனால்தான் போர்டு பக்கம் போனதும் காணாமல் போகிறீர்கள். ஒரு காலர் மைக் வாங்குங்கள். அது இல்லையென்றால் உங்கள் போனிலிருந்தும் அதே மீட்டிங்கில் சேர்ந்து, போனைச் சட்டைப்பையில் போட்டு, ஹெட்போன் வயரில் இருக்கும் மைக்கைக் காலரில் குத்திக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் மைக்கையும் ஸ்பீக்கரையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் எதிரொலி காதைப் பிளக்கும். வீட்டில் இருப்பவர்கள் பேசும்போது மட்டும் உங்கள் மைக்கை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தால் வகுப்பே கேட்கும்.

அடுத்தது கேள்விகள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்பது வீட்டில் இருப்பவருக்குக் கேட்காது, உங்கள் பதில் மட்டும் அந்தரத்தில் போய் விழும். கேள்வியை நீங்கள் ஒருமுறை சத்தமாகச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். சாட்டில் வருவதைப் பார்க்க வகுப்பில் ஒரு மாணவரை உட்கார வையுங்கள், தினம் ஒருவர். வீட்டில் இருக்கும் 12 பேருக்காகக் கை தூக்குவது அன்றைக்கு அவர் வேலை.

போர்டைக் கேமராவில் காட்டுவதற்குப் பதிலாக, வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேலிருந்து பார்க்கும்படி ஒரு போனைப் பொருத்தி, அதையே புரொஜெக்டரில் போடுங்கள். இரண்டு தரப்பும் ஒன்றையே பார்க்கும், நீங்களும் வகுப்பைப் பார்த்தபடி நிற்கலாம். அப்புறம், ஒரு மணி நேரமும் நீங்களே பேச வேண்டாம், 20 நிமிடம் போதும். மீதி நேரத்தில் ஒரு கணக்கையோ ஒரு பத்தியையோ கொடுத்து, வகுப்பில் இருப்பவர் ஒருவரையும் வீட்டில் இருப்பவர் ஒருவரையும் சேர்த்து விடுங்கள். அவர்கள் சாதாரண போன் காலில் பேசிக்கொள்ளட்டும், அதற்கு நெட் தேவையில்லை. கோதையாறு பக்கம் மழை பெய்து குற்றியாறு தரைப்பாலம் மூழ்கும் நாட்களில் அங்கிருந்து வரும் பிள்ளைக்கு வீடியோ கிடைக்காது, கால் கிடைத்துவிடலாம்.

2020 ஊரடங்கில் நான் நடத்திய வகுப்பு இன்னும் உறுத்துகிறது. குலசேகரம் பக்கத்து மாணவர் ஒருவர், 10 மணி வகுப்புக்கு எப்போதும் தாமதமாகவே சேருவார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். பதில் சொல்ல மைக்கைத் திறந்தார், வாளியில் எதையோ ஊற்றும் சத்தம், பின்னால் அவர் அப்பா 'சீக்கிரம் வாடே' என்று கூப்பிடும் குரல். விடியும் முன்பே பால்வெட்டப் போனால், சிரட்டையில் இறங்கிய ரப்பர் பாலை எடுத்து முடிக்கும் நேரம் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பையும் ஆடியோவாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போட்டேன். ஒலித்தரத்தை 32 கேபிபிஎஸ் என்று குறைத்து வைத்துப் பதிவு செய்தால் ஒரு மணி நேரம் 14 எம்பி அளவுதான் வரும், மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும் பிள்ளையும் இறக்கிக் கேட்கலாம். அந்த மாணவர் மத்தியானம் கேட்டுவிட்டு, இரவில் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார், ஓரத்தில் பால்கறை ஒட்டியிருக்கும். ஆகவே பதிவை உபரி என்று நினைக்காதீர்கள், சிலருக்கு அதுதான் வகுப்பே.

கேள்வி: ஆன்லைனில் யாருமே கேமராவை ஆன் செய்வதில்லை. கட்டாயப்படுத்தலாமா?
– விரிவுரையாளர், தக்கலை

பதில்: வேண்டாம். ஒரே அறையில் தம்பி, பாட்டி, அடுப்பு எல்லாம் இருக்கும் வீட்டை வகுப்பு முழுக்கக் காட்டச் சொல்வது ஒரு மாணவிக்கு எவ்வளவு கூச்சம் என்று யோசியுங்கள், டேட்டாவும் அதிகம் போகும். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைப்பதை எழுத வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுது சார்' என்றுதான் போடுவார்கள். 'இந்த உதாரணத்தில் வட்டி 2 சதவீதம் கூடினால் என்ன ஆகும், ஒரு வரி எழுதுங்கள்' என்று கேளுங்கள். வகுப்பில் இருப்பவர்களும் அதே வரியை நோட்டில் எழுதட்டும்.

கேள்வி: இன்டர்னல் தேர்வில் வீட்டில் இருப்பவர்கள் பார்த்து எழுதுகிறார்கள் என்று வகுப்புக்கு வருபவர்கள் சண்டை போடுகிறார்கள்.
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அவர்கள் கோபம் நியாயமானது. இரண்டு தரப்புக்கும் ஒரே கேள்வித்தாளையும் ஒரே விதியையும் வையுங்கள். அதாவது, இருவருக்குமே புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு. கேள்வி மட்டும் புத்தகத்தில் கிடைக்காததாக இருக்கட்டும். பொருளியல் என்றால், உங்கள் ஊர்ச் சந்தையில் இந்த வாரம் மீன் விலை ஏன் ஏறியது, நான்கு பேரிடம் கேட்டு எழுதுங்கள் என்று கொடுங்கள். கடலோரக் குளச்சல் பிள்ளை எழுதுவதும் மலையடிவாரப் பேச்சிப்பாறை பிள்ளை எழுதுவதும் ஒன்றாக இருக்க முடியாது. அதற்குமேல் ஒவ்வொருவரிடமும் 3 நிமிடம் வாய்மொழியாக அவர் எழுதியதைப் பற்றியே கேளுங்கள், வகுப்பில் இருப்பவரிடம் நேரில், மற்றவரிடம் போனில். 42 பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பிடிக்கும், இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். யார் சொந்தமாக எழுதினார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.